ஒய் தட்டும் உத்தியோகம்

இயந்திரம் எதைச் செய்வதானாலும் ஒரு மனிதர் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகவே சிறுசேரி டேட்டா சென்டரில் எங்களுக்கு ஆறு மாதம் லினக்ஸ் கணினிக் கட்டளைகளின் அடிப்படை சொல்லிக்கொடுத்தார்கள். திரையில் வரும் கட்டளையைப் படித்துவிட்டு, சம்மதம் என்பதற்கு ‘ஒய்’ எழுத்தைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பக்கத்து சீட் கோகுலவாசன் படிக்கவே மாட்டான்.

“இன்னுமா படிச்சிட்டு இருக்கீங்க, அக்கா? நான் சர்டிஃபிகேட் வாங்கின அன்னைக்கே எல்லாத்தையும் மறந்துட்டேன்.”

ஒரு ஷிஃப்டில் ஒன்பதாயிரம் ஒய். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று லிஃப்ட் பக்கத்தில் அவன் படத்தை மாட்டினார்கள். படித்துத் தாமதம் செய்ததற்காக எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

நேற்று சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கத்தினான்.

“எந்த அறிவுகெட்டவன் என் அக்கவுண்டைத் தூக்கினான்னு பாருங்கக்கா!”

பார்த்தேன். பயனரை நீக்கும் கட்டளை, எங்கள் முதல் வாரப் பாடம். நீக்கப்பட்டவர், கோகுலவாசன். சம்மதித்தவர், கோகுலவாசன். யோசித்த நேரம் அரை நொடி.

அவனைத் திரும்பச் சேர்க்கும் கட்டளை என் திரைக்கு வந்தது. நாற்பது பக்கம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.