மண்ணுக்குள் ஜட்டி

பெரியபாளையம் பக்கத்தில் தணிகைவேல் மூன்று வருடமாகத் தன் வயலில் யூரியா போடவில்லை. வெறும் சாணிதான். ஊரே சிரித்தது.

"மண்ணுல உயிரு கீதுன்னு இவனுங்களுக்கு எப்டி மேடம் காட்றது?" என்று வேளாண் அதிகாரி நர்மதாவிடம் கேட்டார்.

"புது காட்டன் ஜட்டி ஒண்ணை வயல்ல புதைச்சு வைங்க. நுண்ணுயிர் நல்லா இருந்தா, ரெண்டு மாசத்துல துணியைத் தின்னுட்டு எலாஸ்டிக்கை மட்டும் மிச்சம் வைக்கும்."

புதைத்தார். இரண்டு மாதம் கழித்து ஊரைக் கூட்டி, எல்லார் முன்னாலும் தோண்டி எடுத்து உதறினார்.

ஜட்டி முழுசாக இருந்தது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"இன்னா தணிகை, உன் பூச்சிங்க எல்லாம் விரதமா?" என்றார் பக்கத்து வயல் வெங்கடேசன். வரப்பே குலுங்கியது.

வீட்டுக்கு வந்த தணிகைவேல் சோற்றைத் தொடவில்லை. "நாளைக்கே யூரியா வாங்கியாறேன். சாணி கொட்னதெல்லாம் வேஸ்ட்டு."

மனைவி கங்கம்மா திகைத்தாள். "இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீறீங்க? உங்க மானத்தையே காப்பாத்திக்கீறேன் நானு!"

"நீயா?"

"எதுக்குப் பொதச்சீங்கன்னு கேட்டா சொல்லல. ஊரே பாக்க வருதுன்னீங்க. நேத்து தோண்டிப் பாத்தேன், வெறும் எலாஸ்டிக்குதான் கெடந்துச்சி. அந்தக் கோலத்துல உங்க ஜட்டிய நாலு பேரு பாக்கலாமா? அதான் பஜார்ல புதுசு வாங்கியாந்து பொதச்சிட்டேன்."