இடது காதுக்கு மாற்றுங்கள்

ஹெட்செட்டை இடது காதுக்கு மாற்றச் சொன்னார்கள்.

அவள் வலது காதோடு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மாதமாக வலது காதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்துக் கேட்டுக் கேட்டு, இடது காதில் இப்போது மிச்சம் இருப்பது ஒரு ரீங்காரம் மட்டும். வீட்டில் சொல்லவில்லை. இங்கே மூச்சுவிடவில்லை. காது கேட்காதவளைக் கால் சென்டரில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

மற்ற ஐந்து பேரும் மாற்றினார்கள். அவளும் மாற்றினாள்.

காதுப் பாதுகாப்புப் பயிற்சி என்றதும், இரண்டு மணி நேரம் கால் எடுக்காமல் உட்காரலாம் என்றுதான் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பயிற்சி தர வந்த நஸ்ரின் மேடம் கண்ணாடி அறைக்குள் போய், முதுகைக் காட்டியபடி மைக் முன்னால் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்போல் அவர் பேசுவார். ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அவள்.

டீம் லீடர் தயாளன் சுவரோரம் கைகட்டி நின்றார். வேலையில் வைத்திருப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையில் இருக்கிறது.

காதில் ரீங்காரம்.

பேசியிருப்பார். கட்டாயம் பேசியிருப்பார்.

என்ன கேட்டிருப்பார்? செட்டாப் பாக்ஸ் கம்பெனிக்குப் போன் போடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது ஒன்றேதான். படம் வரவில்லை. நாலு வருட அனுபவம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

குரலைக் குழைத்துக்கொண்டாள்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். பாக்ஸை ஒருவாட்டி ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க. இப்பப் படம் வருதுங்களா?"

ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

நஸ்ரின் மேடம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"நான் இன்னும் வாயே திறக்கலைங்களே."

மானம் போயிற்று. வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது உண்மை.

"இந்தக் காது கேக்கறதில்லைங்க மேடம். எட்டு மாசமாச்சு."

சிரிப்பு நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இனி நடிக்க வேண்டாம். யார் எந்தப் பக்கம் வந்து பேசுவார்களோ என்று நாளெல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

நஸ்ரின் மேடம் பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். காது டாக்டரிடம் அனுப்புவதற்கு. சோதனை முடியும்வரை கால் எடுக்க வேண்டாம், தட்டச்சில் பதில் சொல்கிற சாட்டில் உட்காரட்டும், வேலைக்கு ஒன்றும் ஆகாது, கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார். டீம் லீடர் கையெழுத்துப் போட்டால் போதும்.

தயாளன் ஃபாரத்தை வாங்கினார். ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடவில்லை.

எப்போதும் தளம் அதிரக் கத்துகிற மனுஷன், முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இன்னொரு ஃபாரம் இருக்குங்களா?"

"யாருக்குங்க?"

"என்னங்க?" என்று தயாளன் காதருகே கையை வைத்தார்.

அவள் எழுந்து, தன் வலப் பக்கத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.