லா பொன்

நண்டுப் பிரட்டலை மேசையில் வைத்த தனேஸ்வரியைக் காட்டி, "ஸே லா பொன்" என்றாள் அவள் மகள் விஷாலினி. எதிரே இருந்த பிரெஞ்சுக்கார அம்மா சிரித்துத் தலையசைத்தாள்.

தனேஸ்வரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாரிஸில் வேலை பார்க்கும் விஷாலினி, தான் கட்டிக்கொள்ளப்போகிறவனையும் அவன் தாயையும் கோல சிலாங்கூருக்கு மின்மினி பார்க்க அழைத்து வந்திருந்தாள். பக்கத்து ஈஜோக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வரவில்லை. ஆற்றோரம் வாடகைக்கு எடுத்த பங்களாவுக்கு அம்மாவைச் சமைக்க வரச் சொல்லியிருந்தாள்.

சம்பந்தியிடம் பேச ஆசைப்பட்டு, தனேஸ்வரி நாலைந்து பிரெஞ்சு வார்த்தைகள் கற்றிருந்தாள். சொல்லிக் கொடுத்தவன் மகன் புனிதன். மின்மினிப் படகு ஓட்டுகிறவன். வெள்ளைக்காரப் பயணிகளிடம் பழகிப் பழகி அவனுக்குக் கொஞ்சம் வரும்.

"நல்லதுங்கிறதுக்கு ஆம்பளைன்னா 'போன்', பொம்பளைன்னா 'பொன்'மா. 'ஸே'ன்னா 'இது, இவங்க'," என்று அப்போது சொல்லியிருந்தான்.

கூட உட்கார்ந்து சாப்பிடத் தனக்கும் ஒரு தட்டை எடுக்கப்போனவளிடம் விஷாலினி சொன்னாள்: "நீங்க உள்ளாற சாப்டுங்கம்மா. இவங்க பேசறது உங்களுக்கு போரிங் லா."

அதுகூட தனேஸ்வரிக்கு அக்கறையாகத்தான் பட்டது. துணைக்கு வந்து சமையலறையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த புனிதனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்கக்கா என்னைய பொன்னுன்னு சொன்னாடா! அவ்ளோ தூரம் போயும் பேச்சுக்குப் பேச்சு நாம போடுற மலேசியா லா போகல பாரு. 'ஸே லா, பொன்'னு சொல்றா!"

புனிதனின் கை நின்றது.

"அப்படியேவா சொன்னுச்சு?"

"ஆமாடா. ஏன்?"

"அது நம்ம லா இல்லம்மா." அவன் நிமிரவில்லை. "சும்மா பொன்னுன்னா நல்லவ. முன்னால பிரெஞ்சுக்காரங்க லாவைப் போட்டா... வீட்டு வேலைக்காரி."

தனேஸ்வரி அடுப்பை அணைத்தாள். புனிதன் கூடத்தை நோக்கிப் பாய்ந்தபோது அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்யா. கல்யாணம் நின்னுரும்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர்க் கூஜாவோடு வெளியே போனாள். மாப்பிள்ளைக்கு ஊற்றினாள். சம்பந்திக்கு ஊற்றினாள். விஷாலினி பேச்சை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல் தன் கிளாஸை நீட்டினாள்.

நிரப்பிவிட்டு தனேஸ்வரி கேட்டாள்:

"வேற ஏதாச்சும் வேணுங்களா, மேடம்?"