முப்பது வந்தால் சிவப்பு

"ஒரு செகண்டுக்கு எத்தனை செகண்ட் வைக்கட்டும்?"

புரோகிராமர் கிசுகிசுப்பாகக் கேட்டதும், பக்கத்து நாற்காலித் தோழி நாலாபுறமும் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். அடுத்தவர் எழுதிக் கொடுக்கும் மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. அதனால் ஆபீஸே அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடும்.

காலையில் முதலாளி வந்து ஆரம்பித்து வைத்த வினை இது. "கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்டாப்வாட்ச் பண்ணிக் குடும்மா. பட்டனை அமுக்கினதுலேர்ந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு திரை முழுக்கப் பெருசா காட்டணும். செகண்டெல்லாம் வேண்டாம், நிமிஷம் போதும். எட்ட நின்னு பார்த்தாலும் தெரியணும். முப்பது வந்தா சிவப்பாயிடணும். மூணு மணிக்குள்ள வேணும்."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. போன வாரம்தான், "நம்ம ஆபீஸ்ல நேரம் ரொம்ப வீணாகுது" என்று யாரிடமோ போனில் புலம்பியிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட பூதக்கண்ணாடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நம்ம டீ நேரத்தைத்தான்டி அளக்கப் போறார்!"

நாலு மணி டீக்கு விடுவது பதினைந்து நிமிடம். புரோகிராமர் டீ குடிப்பதே இல்லை. பின்தெருவில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடி, நாலு வயது மகளைக் கொஞ்சிவிட்டுத் திரும்பிவர முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நம்பித்தான் தாயும் மகளும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமைகளில் மட்டும் அதற்கும் வழியில்லை. மூன்றரை மணிக் கூட்டத்தில் முதலாளி வாயைத் திறந்தால் ஐந்துக்குத்தான் மூடுவார். குழந்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று தூங்கிப்போகும்.

"டீக்குப் பதினஞ்சு நிமிஷம்தானே? அப்புறம் ஏன் முப்பதுல சிவப்பு?" என்று அவள் கேட்டாள்.

"பெரிய மனசு பண்ணி டபுளா விட்டிருப்பார். அதையெல்லாம் ஆராயாதே, வேலையைப் பாரு" என்றாள் பூதக்கண்ணாடி.

தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழிப்பதுதான் முறை. அப்படி எழுதினால் கடிகாரம் பொய் சொல்ல வழியே இல்லை. ஆகவே அவள் அப்படி எழுதவில்லை. ஆயிரம் மில்லிசெகண்டுக்கு, அதாவது செகண்டுக்கு, ஒருமுறை ஒன்றைக் கூட்டு என்று எழுதி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த ஆயிரத்தை இரண்டாயிரமாக்கினாள். இனி அரை மணி நேரம் ஓடினால்தான் திரை பதினைந்து காட்டும்.

எட்டு வருட வேலையில் தெரிந்தே தப்பாக எழுதிய முதல் வரி அது. மனசு குறுகுறுத்தது. மகளின் முகத்தை நினைத்துக்கொண்டாள், குறுகுறுப்பு பாதியாகக் குறைந்தது.

பூதக்கண்ணாடி சோதித்துப் பார்த்து, 'குறை எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் அது முதல் தடவைதான்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மூன்றரைக்குச் சற்று முன்பே எல்லோரும் கூட்ட அறையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே சுவரில் கடிகாரம் கிடையாது. பேசுகிறபோது ஆட்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று முதலாளியே கழற்றச் சொல்லிவிட்டார். அவர் கையில் வாட்ச் கட்டும் வழக்கமும் இல்லை.

இன்று அறையின் கடைசியில் புதிதாக ஒரு பெரிய திரை இருந்தது. அது எல்லோருடைய முதுகுக்கும் பின்னால், முதலாளியின் முகத்துக்கு நேராக இருந்தது. அதில் சைபர் என்று பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது.

"இந்த ஸ்டாப்வாட்ச் யாரை அளக்கன்னு கேட்டீங்கன்னா..." முதலாளி தொண்டையைச் செருமினார். "என்னைத்தான்."

பூதக்கண்ணாடியின் வாய் திறந்தது, மூடவில்லை.

"போன திங்கட்கிழமை கூட்டம் முடிஞ்சு பின்தெரு வழியா நடந்து போனேன். காப்பகத்துச் சன்னல்ல ஒரு குழந்தை அழுதுக்கிட்டு நின்னுச்சு. ஏன் பாப்பான்னு கேட்டேன். 'எங்கம்மா ஆபீஸ்ல ஒரு மாமா பேசிக்கிட்டே இருக்காரு, அதான் அம்மா வரலை'ன்னு சொல்லுச்சு." அவர் புரோகிராமரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "அம்மா பேரு என்னன்னு கேட்டா, உன் பேரைச் சொல்லுச்சு. ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கலைம்மா. இனிமே முப்பது நிமிஷம்தான் பேசுவேன். சிவப்பு வந்தா பாதி வார்த்தையிலயும் நிறுத்திடுவேன். நாலு மணிக்கு நீ குழந்தைகிட்ட இருக்கணும்."

அவளுக்குக் கண் நிறைந்தது. அடுத்த நொடி, இரண்டாயிரம் என்ற எண் நினைவுக்கு வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறப்பதற்குள் முதலாளி பட்டனை அமுக்கிவிட்டார். அவர் பேச ஆரம்பித்துவிட்டால் நடுவில் யாரும் புகுந்ததாகச் சரித்திரம் இல்லை. அதுவும் இன்று நேரம் போதாது என்று மூச்சு விடாமல் பேசினார்.

அவள் கைக்கடிகாரத்தில் மணி நாலு. திரும்பிப் பார்த்தாள், திரையில் பதினைந்து. கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள்.

முதலாளி திரையை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். முகமெல்லாம் பெருமை.

"என்னம்மா அவசரம்? பூதக்கண்ணாடியே குறை சொல்லாத கடிகாரம், இன்னும் பாதி நேரம் இருக்குங்குது. உக்காரு!"