இருபத்தாறு கிலோ

மழை பிடித்துக்கொண்டதும் செம்மண் களத்தைத் தார்ப்பாயால் மூடினார்கள். பத்தே நிமிடத்தில், நரம்பு கட்டும் அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு ஜவாத் வந்து நின்றான்.

ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டும் புஷைப் வேலையை விட்டு நிமிர்ந்தான்.

கசபிளாங்காவின் இந்த டென்னிஸ் போட்டியைப் பதினோரு முறை வென்றவன் ஜவாத். இன்று முதல் சுற்றிலேயே, இருபது வயது நிஸாரிடம் ஒரு செட்டைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டாவதிலும் மூன்றுக்கு ஐந்து என்று தொங்கிக்கொண்டிருந்தான். இதில் தோற்றால் இனி ராக்கெட்டைத் தொடமாட்டேன் என்று நேற்றுதான் பத்திரிகைக்காரர்களிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தான்.

"ஆச்சாடா?"

"இப்பத்தான் மாட்டுனேன். கால் மணி நேரம் குடு. புதினா டீ இருக்கு பாரு, சூடா குடி."

ஜவாத் டீயைத் தொடவில்லை. புஷைப், நரம்பை இழுக்கும் இயந்திரத்தில் கிலோ காட்டும் முள் தெரியும் பக்கத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றான்.

சுவரில் வரிசையாகப் பொடியன்களின் ராக்கெட்டுகள் தொங்கின. அவற்றில் கட்டியிருந்த எல்லாச் சீட்டிலும் ஒரே எண். இருபத்தாறு.

அது ஜவாத்தின் எண். "பத்தொன்பது வயசுலேர்ந்து நரம்பு இழுக்கிறது இருபத்தாறு கிலோ. அதுக்குக் கீழ போடுறவன் ராக்கெட்டைப் போட்டுட்டு விளக்குமாத்தை எடுக்கட்டும்" என்று ஒருமுறை தொலைக்காட்சியில் சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து இந்த ஊரில் எவனும் கீழே இறங்குவதில்லை.

ஈரத்தில் பந்து கனக்கும். ஒரு கிலோ குறைத்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். சற்று முன் நிஸாரும் அப்படித்தான் கேட்டு அனுப்பினான். கூடவே, ஜவாத் அண்ணன் குறைக்கிறாரா என்றும் விசாரித்தான். இல்லை என்று புஷைப் சொன்னதும் அவனும் வேண்டாம் என்றுவிட்டான்.

அந்தப் பிள்ளை நம்பிவிட்டான். புஷைப் சொன்னது பச்சைப் பொய்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜவாத்துக்குத் தோளில் அறுவை நடந்தது. தையல் பிரித்துத் திரும்பி வந்தவன் அதே இருபத்தாறைக் கேட்டான். அந்தத் தோள் அதைத் தாங்காது என்று புஷைபுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் அரைக் கிலோ குறைத்துக் கட்டினான். சீட்டில் இருபத்தாறு என்றே எழுதினான்.

அன்று ஜவாத் ஜெயித்தான். ஓடி வந்து புஷைபின் நெற்றியில் முத்தம் வைத்து, "கை பழையபடி வந்துடுச்சுடா" என்று அழுதான்.

அப்புறம் புலி வாலைப் பிடித்த கதைதான். ஜவாத்தின் கை தளரத் தளர, புஷைப் அரை அரையாகக் குறைத்துக்கொண்டே வந்தான். எத்தனை அரை என்று பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

நரம்பு தளர்ந்தால் பந்து தானாகப் பறக்கும். எங்கே போய் விழும் என்பதுதான் கையில் இருக்காது. காலையிலிருந்து ஜவாத்தின் பந்துகள் கோட்டைத் தாண்டியே விழுந்தன. மேலே பார்வையாளர் படிகளிலிருந்து "அவுட்" என்ற கத்தல் கேட்கும்போதெல்லாம், தோற்றுக்கொண்டிருப்பது அவன் கையா, தான் கட்டிய நரம்பா என்று தெரியாமல் புஷைப் தவித்தான்.

ஜவாத் சும்மா இருக்க மாட்டாமல் நிஸாரின் ராக்கெட்டை ஆணியிலிருந்து எடுத்தான். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினான்.

டிங்.

புருவத்தைச் சுருக்கினான். தோள்பையிலிருந்து தன்னுடையதை உருவித் தட்டினான்.

டொப்.

மறுபடியும் தட்டினான். இரண்டு சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். பிறகு போய்க் கதவைத் தாழிட்டான்.

அடிக்கத்தான் போகிறான் என்று புஷைப் நினைத்தான். அடித்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"எவ்வளவுடா குறைச்சே? ஒண்ணா? ரெண்டா?"

புஷைப் இயந்திரத்தோடு இன்னும் ஒட்டி நின்றான்.

"மூணா?"

ஆமாம் என்று புஷைப் தலையை ஆட்டினான்.

ஜவாத் முக்காலியில் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்க்க முடியாமல் புஷைப் தரையைப் பார்த்தான். வெளியே மழை விட்டிருந்தது. தார்ப்பாயை இழுக்கும் சத்தத்தோடு, "நிஸார்! நிஸார்!" என்று கூட்டம் கத்துவதும் கேட்டது. ஜவாத் பிறந்த ஊர்க் கூட்டம்.

முப்பது வருடப் பழக்கத்தில் ஜவாத் யாரிடமும் கெஞ்சிப் புஷைப் பார்த்ததில்லை.

"இன்னும் மூணு குறைடா. இருபது போடு. அல்லாவுக்காகக் கேக்கிறேன், இந்த ஒரு ஆட்டம் மட்டும். வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

சரி என்றான் புஷைப். வேறு எதைச் சொல்வது?

ஜவாத் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனான்.

புஷைப் இயந்திரத்தின் பக்கம் திரும்பினான். முள் பதினேழில் நின்றது. அவன் கேட்ட இருபதைக் கொடுக்க வேண்டுமென்றால், மூன்று கிலோ ஏற்ற வேண்டும்.