காணாமல் போன பென்யராண்டா

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நெல்மர் பென்யராண்டாவின் மனைவியைக் காணவில்லை. போலீசுக்குப் போகிற விஷயமில்லை இது. இலோயிலோ நகரில் ஒரு மூன்றாம் மாடி அலுவலகத்தில், நெல்மரே கட்டிய வலைத்தளத்துக்குள்தான் ஜோவெலின் தொலைந்து போயிருந்தாள்.

நர்ஸுகளை ஜெர்மனிக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றுக்காகச் செய்த தளம் அது. மொழித் தேர்வின் முடிவு ஐந்து மணிக்கு வெளியாக வேண்டும். தேறினாலும் தேறாவிட்டாலும், எழுதிய அத்தனை பேரின் பெயரும் வரும். தம்பதியாகப் பதிந்தவர்களுக்கு ஒரு பக்கம், தனியாட்களுக்கு ஒரு பக்கம். நெல்மருக்குத் தம்பதிகள் பக்கம். இன்னொன்று பக்கத்து மேசை ரெக்சனின் தலையில்.

தம்பதியில் மனைவி தேறினால் கணவனுக்கும் சேர்த்தே விசா. நர்ஸான ஜோவெலினும் தேர்வு எழுதியிருந்தாள்; அந்த நம்பிக்கையில் நெல்மர் தன் மோட்டார் சைக்கிளைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரமாக ஜீப்னி வண்டியில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறான்.

வினை போன வாரம் வந்தது. சர்வரைப் புதுப்பித்தார்கள். தளத்துக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோகும் பழைய டிரைவர் அதோடு ஒத்துப்போகவில்லை. புது டிரைவரைப் போட்டால், தலையில் நெளிகோடு போட்ட ñ எழுத்தைக் கண்டதும் அந்தப் பெயரையே விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. பென்யராண்டாவில் அந்த ‘ன்ய’ எழுத்து நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு முந்தைய டிரைவரைப் போட்டான்; இணைப்பே கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒன்றைப் போட்டான். இணைப்பு கிடைத்தது, ஆனால் நெளிகோடு இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இளிக்கும். மேசையில் பச்சோய் சூப் ஆறி, மேலே கொழுப்பு ஆடை கட்டிவிட்டது.

"நோங், ஊர்ல பாதிப் பேர் பேருல இந்த நெளிகோடு இருக்கு," என்றான் ரெக்சன், அண்ணனைக் கூப்பிடுகிற உரிமையோடு. "இதை எழுதினவன் நம்ம பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல போல."

"எட்டிப் பார்த்திருந்தா இந்த மாடியில இருந்தே தள்ளி விட்டிருப்பேன்."

பதிவு எண் இருந்தால் அதை வைத்துத் தேடலாம். விண்ணப்பத்தை ஜோவெலினேதான் நிரப்பி அனுப்பியிருந்தாள், எண் அவளிடம்தான். மூன்று முறை செய்தி அனுப்பிக் கேட்டான். மூன்று முறையும் ஒரே பதில்: வார்டுல இருக்கேன், அப்புறம் சொல்றேன்.

மூன்றே முக்காலுக்கு விடை கிடைத்தது. டேட்டாபேஸ் இன்னும் பழைய எழுத்துமுறையில் இருக்கிறது. இணைக்கும்போதே டிரைவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போனதை நினைத்து அவனுக்கு எரிச்சல் மண்டியது. ஆனாலும் இபான்யெஸ் வந்தார்கள், முன்யோஸ் வந்தார்கள், கன்யெத்தே வந்தார்கள். எல்லோருடைய நெளிகோடும் அவரவர் தலையில் பத்திரமாக இருந்தது.

பென்யராண்டா மட்டும் வரவில்லை.

மேலாளர் டிவினா வந்து திரையைப் பார்த்தாள். டேட்டாபேஸில் அறுபத்தெட்டுத் தம்பதிகள், திரையிலும் அறுபத்தெட்டுத் தம்பதிகள். "எண்ணிக்கை சரியா இருக்கே, நெல்மர்."

"எண்ணிச் சொல்றதும் அதே டிரைவர்தானே மேம். அதை எப்படி நம்பறது?"

உன் மனைவி பெயர் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து மணிக்கு வெளியிட்டாக வேண்டும், விட்டுப்போனதை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நாளைக்காம். இரண்டு வருஷமாக இரவுப் பணி முடிந்து வந்து, குளியலறையில்கூட ஜெர்மன் வார்த்தைகளை முணுமுணுத்தவள் ஜோவெலின். தன் குடும்பப் பெயரின் ஒரு எழுத்து அத்தனை உழைப்பையும் விழுங்கிவிட்டதே என்று நினைத்தபடி நெல்மர் நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மறுபடி எல்லா டிரைவர்களையும் ஒவ்வொன்றாக மாட்டினான், கழற்றினான். பெயரைப் பெரிய எழுத்தில் தேடினான், சின்ன எழுத்தில் தேடினான், நெளிகோடு இல்லாமல் தேடினான். ரெக்சன் ஏதோ சொல்ல வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் திரைக்கே திரும்பிக்கொண்டான்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொறுமை போய் நேராகப் போன் செய்தான். நான்காவது மணியில் எடுத்தாள். மூச்சுவிடாமல் கொட்டினான்: டிரைவர் தகராறு, எழுத்துத் தகராறு, நீ ஒன்றும் கவலைப்படாதே, எப்படியும் உன் பெயரைக் கொண்டுவந்துவிடுவேன், அந்த எண்ணை மட்டும் சொல்.

மறுமுனையில் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகும் சத்தம் கேட்டது.

"மத்தியானத்துல இருந்து அதையேவா தேடிக்கிட்டிருக்கே?"

"பின்ன வேற எதைத் தேடறது, பலங்கா, என் செல்லம்? நீ இல்லாம நம்ம பட்டியல் எப்படி வெளிய போகும்?"

அவள் எங்கோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.  

"டிரைவர்ல ஒண்ணும் கோளாறு இல்ல, நெல்மர்," என்றாள் ஜோவெலின். "தனியாளுங்க பக்கத்துல பாரு."