ஆயில் அலர்ஜி

“ஆயில் அலர்ஜிக்குப் போயி எவனாச்சும் ரத்தம் குடுப்பானா?” ஆஸ்பத்திரி வாசலில் மறுபடியும் முரண்டு பிடித்தான் அன்புசெல்வன்.

“ஆயில்தான்னா பயம் இன்னாத்துக்குய்யா? நட!”

ஐந்து மாத வயிற்றோடு அவனுக்கு முன்னால் நடந்தாள் குணசுந்தரி. ஒன்றை நினைத்துவிட்டால் அவளை ஆண்டவனாலும் அசைக்க முடியாது.

கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறவன் அவன். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். மிஷின் ஆயில் பட்டுத் தோல் கெடுவது அங்கே சகஜம். அவள் கேட்டபோது அதையே சொல்லிவைத்தான். அவளும் நம்பிவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் அமிர்தா அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவனுக்கு ரத்தம் எடுக்க வைத்தார். அரைமணி நேரத்தில் ரிசல்ட் வந்தது.

“உள்ளங்கால்லயும் இருக்கா? அரிக்குதா?”

“இருக்கு மேடம். அரிப்பே இல்ல.”

“ரெண்டு மூணு மாசம் முன்னாடி, மறைவான எடத்துல வலியில்லாம ஒரு புண்ணு வந்துச்சா?”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வந்துச்சு... தானா ஆறிடுச்சு.”

“ஆறல. கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. இது சிபிலிஸ், மேகநோய்னு சொல்வாங்களே, அது. இப்ப ரெண்டாவது கட்டம். இந்தப் புள்ளியும் தானா மறையும். சரியாயிடுச்சுன்னு விட்டீங்கன்னா, பல வருஷம் கழிச்சு இதயம், மூளைன்னு கை வைக்கும். இப்பவே ஊசி போட்டா குணமாயிடும்.”

அன்புசெல்வன் கைகூப்பினான். “எம் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேணாம் மேடம். தெரிஞ்சா ஊத்துக்கோட்டைக்கு அவ அம்மா ஊட்டுக்குப் போயிடுவா. திரும்பி வரவே மாட்டா.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க.”

இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊசி போட்டுக்கொண்டு, விந்தி விந்தி வெளியே வந்தான். முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டவைத்திருந்தான்.

“நான்தான் சொன்னேன்ல? ஆயில் அலர்ஜிதானாம். ஊசி போட்டாங்க.”

“ரெண்டு பக்கமுமா?”

“ஆமா... உனுக்கு எப்டித் தெரியும்?”

குணசுந்தரி பையிலிருந்து தன் கர்ப்பகால அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“போன வாரம் எனுக்கும் ரெண்டு பக்கமும் போட்டாங்க, வயித்துல இருக்கிற புள்ளைக்குப் போவக்கூடாதுன்னு. உனுக்கும் போடலன்னா மறுபடியும் எனுக்கு ஒட்டிக்கும்னாங்க, அதான் இஸ்துக்கினு வந்தேன். இப்ப சொல்லுய்யா, நான் எந்த லேத்துல நின்னேன்?”